இயக்குநர் இருநூற்றுப் பன்னிரண்டு துண்டுகளாக இருக்கிறார்

மார்ச் 3, திங்கள்

உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாது. “பழைய மெஷின் சார், அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம்.

காலையில் இயக்குநர் அறைக்குக் கூப்பிட்டார். அவருடைய பணிப்பதிவேடு கம்ப்யூட்டரில் திறக்கப் பதினோரு விநாடி ஆகிறதாம். துணை இயக்குநருடையது நான்கு விநாடி. இரண்டையும் கைக்கடிகாரம் வைத்து மூன்று முறை அளந்து, சராசரி போட்டு வைத்திருந்தார். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் எடை அளவை அலுவலகத்தின் தலைவர் அவர். அளக்காமல் பேச மாட்டார். கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் இங்கே நான் ஒருத்திதான்.

“டிஸ்க்கைப் பார்த்துட்டு என்னன்னு சொல்லுங்க.”

பார்த்தேன். டிஸ்க் முழுவதும் பிளாக் பிளாக்காகப் பிரிந்திருக்கும். ஒரு பிளாக்கில் ஏறக்குறைய ஒரு பக்கம் அடங்கும். ஃபைலைச் சேமிக்கும்போது ஃபைல் சிஸ்டம் எங்கெங்கே பிளாக் காலியாக இருக்கிறதோ அங்கங்கே அதைப் பிரித்து வைத்துவிட்டு, எந்தத் துண்டு எங்கே என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளும். முப்பத்தொரு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த ஃபைல். சிதறாமல் என்ன செய்யும்? பட்டியலை எடுத்து எண்ணினேன்.

“சார், இருநூத்திப் பன்னிரண்டு துண்டா இருக்கு.”

பேனாவை மூடி வைத்தார். “நானா?”

“உங்க ஃபைல் சார்.”

“துணை இயக்குநர்?”

“ஒரே துண்டு சார். அவர் போன வருஷம்தானே சேர்ந்தார்.”

பேனாவைத் திறந்து நோட்டில் 212 என்று எழுதி, அடியில் கோடு போட்டார்.

மார்ச் 4

படம் கேட்டார். டிஸ்க்கின் ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு சின்னக் கட்டம், அவருடையவை மட்டும் சிவப்பு. இருபத்து நான்கு தாள் ஒட்டவேண்டி வந்தது. மேஜையில் கொள்ளாததால் கூட்ட அறைத் தரையில் விரித்தோம். இயக்குநர் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்து பார்வையிட்டார். நானும் டைப்பிஸ்ட் அக்காவும் ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

“இது நானா?”

“ஆமா சார். உங்க அம்பத்தேழாவது துண்டு.”

“பக்கத்துல யாரு?”

“இந்தப் பக்கம் பினாயில் ஸ்டாக் லிஸ்ட் சார். அந்தப் பக்கம் லிஃப்ட் ரிப்பேர் புகார்.”

“முன்னாடி, முதல் வரிசையில?”

“பழைய கேன்டீன் பட்டியல் சார்.”

குனிந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. “யாரு இப்படி வச்சது?”

“ஃபைல் சிஸ்டம் சார்.”

“கூப்பிடுங்க அந்த ஆளை.”

“ஆள் இல்ல சார் அது.”

“ஆளே இல்லாம எப்படி இவ்வளவு தைரியம்?”

அக்கா இருமுவதுபோல் வெளியே போனாள். படத்தை நான் ஒருத்தியாகவே சுருட்டினேன்.

மார்ச் 6

இவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். துறைமுகத்தில் கிரேன் மேலே உட்கார்ந்தபடியே சிரித்தார்; ஃபோனில் காற்றும் சேர்ந்து சிரித்தது. கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். அதில் கடைசி மூன்று வருடம் அவர் துறைமுக ஊரில், நான் இங்கே, மகள் படிப்புக்காக ஹாஸ்டலில். பஸ்ஸில் ஆறு மணி நேரம். துறைமுக ஊரிலும் எங்கள் துறைக்கு ஒரு கிளை அலுவலகம் உண்டு, அங்கே என் வேலைக்கு ஆளே இல்லை. மூன்று தடவை மாறுதல் கேட்டுவிட்டேன். மூன்று தடவையும் ஒரே பதில், இரண்டே சொல்: நிர்வாகக் காரணம்.

“நாலாவது தடவை எழுதேன்,” என்றார்.

“இப்பவா? மனுஷன் சிதறிக் கிடக்கார்.”

மார்ச் 10, திங்கள்

‘பிளாக் ஒதுக்கீட்டுக் குழு’ கூடியது. ஆறு பேர். டிஸ்க்கில் யார் ஃபைல் எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பதவி வரிசைப்படி முடிவு செய்யவேண்டும். டிஸ்க் வட்டமானது, அதில் முன் பின் என்பதெல்லாம் வெறும் எண்தான் என்று சொல்லிப் பார்த்தேன். “எண்தானேம்மா எல்லாமே,” என்றார் இயக்குநர். எடை அளவை அலுவலகத்தில் அதற்கு மறுபேச்சு கிடையாது.

முதல் வரிசை முழுக்க இயக்குநர். இரண்டாம் வரிசை துணை இயக்குநர். அவர் சின்ன வயசு, அமைதியானவர். பழைய சுற்றறிக்கைகளையெல்லாம் எண் சொல்லி ஒப்பிப்பார். “நான் எங்க இருந்தாலும் ஒரே துண்டாத்தான் இருப்பேன்,” என்று மட்டும் சொன்னார். இயக்குநர் அதை ரசிக்கவில்லை.

தகராறு மூன்றாம் வரிசையில்தான். தராசு ஆய்வாளர்கள் இரண்டு பேர், ஆறு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. எதற்கென்று இருவருக்கும் மறந்துவிட்டது, ஆனால் பேசுவதில்லை. அவர்கள் ஃபைல்கள் அடுத்தடுத்து வரக்கூடாதாம். ஒரு மணி நேர வாதத்துக்குப் பிறகு நடுவில் ஒரு பிளாக் காலியாக விடுவதென்று தீர்மானம். அந்தக் காலி பிளாக் யார் பொறுப்பு என்று அடுத்த கூட்டத்தில் பேசுவார்கள்.

மார்ச் 13

ஃபைல் சிஸ்டத்துக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. ஏழு நாளைக்குள் பதில் வேண்டும். மூத்த அதிகாரியின் பணிப்பதிவேட்டைப் பினாயிலுக்குப் பக்கத்தில் வைத்தது ஏன்? நோட்டீஸை வாங்கிக்கொண்டதற்கு நான் கையெழுத்துப் போட்டேன். வேறு யார் போடுவார்கள்?

மார்ச் 14

பதில் எழுதிவிட்டேன். சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

“காலியாக இருந்த இடத்தில் வைத்தேன். வைத்த இடத்தை மறக்கவில்லை. எப்போது கேட்டாலும் வரிசை மாறாமல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். யாரையும் அவமதிக்கும் எண்ணம் எனக்கில்லை.”

இயக்குநர் படித்துவிட்டுத் தலையாட்டினார். “பரவாயில்லை, பணிவாத்தான் எழுதியிருக்கான்.” எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள்.

மார்ச் 18

சிரிப்பதற்கில்லை இனி.

ஃபைல்களை நகர்த்துவதற்கு முன் டிஸ்க்கை முழுக்கப் படித்துப் பார்த்தேன். முதல் வரிசை — இயக்குநருக்கு ஒதுக்கியிருக்கும் அதே இடம் — கெட்டுக்கொண்டிருக்கிறது. ஒன்பது பிளாக்குகளைப் படிக்கவே முடியவில்லை. காதை வைத்துக் கேட்டால் நகத்தால் தகரத்தைத் தட்டுவதுபோல் ஒரு சத்தம். ஓடிப்போய்ச் சொன்னேன்.

“முன் வரிசை பழுது சார். நடுவுல நல்ல இடமா ஒண்ணு இருக்கு, மொத்தமா அங்க வச்சிடலாம்.”

“துணை இயக்குநர் சொல்லச் சொன்னாரா?”

“இல்ல சார். டிஸ்க் சொல்லுது.”

“நான் எங்க உட்காரணும்னு டிஸ்க் சொல்லுமா?”

சரி, நகலாவது எடுத்து வைத்துக்கொள்வோம் என்றேன். அதற்கும் ஒரு சுற்றறிக்கை தயாராக இருந்தது: ‘ஒழுங்கற்ற நிலையை நகல் எடுப்பது ஒழுங்கீனத்தை இரட்டிப்பாக்குவதாகும். ஒதுக்கீடு முடியும்வரை நகல் எடுத்தல் நிறுத்திவைக்கப்படுகிறது. பழைய நகல்கள் அழிக்கப்பட வேண்டும்.’

நகல் டேப்புகளை என் கண் முன்னாலேயே அழிக்கச் சொன்னார். என் கையால்.

மார்ச் 19

பதினான்கு.

மார்ச் 21

இருபத்திரண்டு. எழுத்து மூலம் இன்னொரு முறை கொடுத்தேன். ‘பார்த்தேன்’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்.

மார்ச் 24, திங்கள்

நகர்த்தியாகிவிட்டது. கெட்டுப்போன பிளாக்குகளை விலக்கி, மிச்சமிருந்ததில் வரிசையாக அடுக்கினேன். இயக்குநர் இப்போது ஒரே துண்டு. இல்லை, இரண்டு, அதை நான் சொல்லவில்லை.

ஃபைல் ஒரு விநாடியில் திறந்தது. மூடித் திறந்தார். மூடித் திறந்தார். பத்துத் தடவையாவது இருக்கும். எல்லோருக்கும் பிஸ்கட் வந்தது. “மனசு ஒண்ணாச் சேர்ந்த மாதிரி இருக்கும்மா,” என்றார் என்னிடம். இப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை.

அவருடைய பழைய இருநூற்றுப் பன்னிரண்டு இடங்களும் இனி காலி என்று பட்டியலில் குறித்தாயிற்று. காலி என்றால் துடைத்த காலி இல்லை. எழுத்து அங்கேயேதான் இருக்கும், வேறு ஏதாவது வந்து அதன்மேல் உட்காரும்வரை. எந்தத் துண்டு எங்கே இருந்தது என்ற பழைய பட்டியலை அச்செடுத்து மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். நாளைக்கு விசாரணை என்று வந்தால் நான் சும்மா இருக்கவில்லை என்று காட்ட ஒரு காகிதம் வேண்டாமா?

மார்ச் 25

மனுஷன் நல்ல மனநிலையில் இருக்கிறாரே என்று நான்காவது மாறுதல் விண்ணப்பத்தைக் காலையில் டைப் செய்து கொடுத்தேன். சாயங்காலம் திரும்பி வந்துவிட்டது. நிர்வாகக் காரணம்.

இருநூத்திப் பன்னிரண்டு துண்டா இருக்கேன்னு டைரக்டருக்குச் சோறு இறங்கலையாம். குழு போட்டாராம். நாங்க மூணு துண்டாக் கிடக்கோமே, மூணு வருஷமா, ஆளுக்கொரு ஊர்ல — அதை யாராவது தரையில விரிச்சுப் பார்த்தாங்களா? என் பொண்ணுக்கு ஜுரம்னு ஹாஸ்டல் வார்டன் சொல்லித்தானே எனக்குத் தெரியுது? போதும். எழுதினாலும் ஆத்திரம்தான் வருது.

மார்ச் 27

மகள் ஃபோனில்: “அம்மா, அப்பா எனக்கு ஃபோன் பண்ணி நீ சோகமா இருக்கேன்னார். நீ அப்பாவுக்குப் பண்ணி நான் சோகமா இருக்கேன்னு சொன்னியாமே. யாருதான்மா சோகமா இருக்கா?”

ஏப்ரல் 2, புதன்

போயிற்று. முதல் வரிசை முழுவதும்.

காலை ஒன்பது மணிக்கு வாசல் கதவில் இயக்குநர் அட்டையைக் காட்டியிருக்கிறார். சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. மறுபடி காட்டினாராம், மறுபடி சிவப்பு. கதவு பணிப்பதிவேட்டைப் பார்த்துத்தான் திறக்கும். காவலாளி எட்டு வருடமாக அவருக்கு சல்யூட் அடிப்பவர். திரையைப் பார்த்துவிட்டுக் கூச்சத்தோடு சொன்னாராம்: “சார், நீங்க யாருன்னு கேக்குது.”

நான் போவதற்குள் துணை இயக்குநரும் வந்துவிட்டார். அவர் இரண்டாம் வரிசை, தப்பித்துவிட்டார். கிண்டல் எதுவும் இல்லாமல், நிஜமான வருத்தத்தோடுதான் சொன்னார்: “சுற்றறிக்கை முப்பத்தாறு சார். பதிவேடு இல்லாதவர் ஊழியர் ஆகார். பார்வையாளர் பெஞ்சில்தான் அமரவேண்டும்.”

“யாரு போட்ட சுற்றறிக்கை அது?”

“நீங்கதான் சார்.”

இயக்குநர் அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு காவலாளியிடம் கையை நீட்டி டோக்கன் வாங்கிக்கொண்டார். நாற்பத்தொன்று. வரிசையில் அவருக்கு முன்னால் தராசுக்கு முத்திரை வாங்க வந்த ஒரு வெங்காய வியாபாரி.

ஏப்ரல் 3

காலையில் போனபோதும் பெஞ்சில்தான் இருந்தார். டோக்கன் பன்னிரண்டு. சீக்கிரமே வந்திருப்பார்போல. யாரும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இருந்த இடத்தில் தேடினேன், இல்லை.

“சார், உங்களை எடுத்துடலாம்னு நினைக்கிறேன்.”

நிமிர்ந்து பார்த்தார்.

“முன் வரிசையில இல்ல. பழைய இடத்துல. பத்து நாள்தானே ஆச்சு, எழுத்து அங்கேயேதான் இருக்கும். எந்தத் துண்டு எங்க இருந்துச்சுன்னு என்கிட்ட பேப்பர் இருக்கு.”

“இருநூத்திப் பன்னிரண்டுமா?”

“பார்க்கலாம் சார்.”

பார்வையாளர் உள்ளே வரக்கூடாதென்பதால் டிஸ்க்கையும் கம்ப்யூட்டரையும் நடைகூடத்துக்கு எடுத்து வந்தேன். டைப்பிஸ்ட் அக்கா மின்சார வயரை இழுத்துக் கொடுத்தாள். பெஞ்சில் அவர், ஸ்டூலில் நான். அவர் பட்டியலைப் படித்து எண் சொல்லச் சொல்ல, நான் அந்த பிளாக்கைத் திறந்து எடுத்து ஒட்டினேன்.

முதல் துண்டில் அவருக்கு இருபத்தெட்டு வயது. இருபதாவது துண்டில் கண்ணாடி போட்டுவிட்டார். அடுத்தடுத்துப் பாராட்டுக் கடிதம், லீவு கடிதம், பதவி உயர்வு. அவர் எண்களை மட்டும்தான் படித்தார்; திரையைப் பார்க்கவில்லை, பார்க்காததுபோல் இருந்தார்.

எண்பத்தெட்டாவது துண்டு ஒரு மாறுதல் விண்ணப்பம். அவருடையது. மனைவிக்கு உடல்நிலை சரியில்லை, மனைவி இருக்கும் ஊருக்கே மாற்றித் தரவேண்டும் என்று. எண்பத்தொன்பதாவது அதற்குப் பதில்: நிர்வாகக் காரணம். தொண்ணூறாவது, துக்கத்துக்கு மூன்று நாள் விடுப்பு.

அந்த வாசகத்தை அவர் கண்டுபிடிக்கவில்லை என்று இன்றுதான் தெரிந்தது. அவரும் அதை யாரிடமிருந்தோ வாங்கி வைத்திருந்திருக்கிறார்.

“அடுத்தது?” என்று கேட்டேன், வேறென்ன கேட்பது.

“தொண்ணூத்தொண்ணு,” என்றார். விரலை அடுத்த வரிக்கு நகர்த்தி எண்ணைப் படித்தார்.

ஏப்ரல் 4

நூற்று நாற்பதாவது துண்டைத் திறந்தேன். ‘மதிப்பிற்குரிய ஐயா, என் கணவர் துறைமுகத்தில் கிரேன் இயக்குபவராகப் பணிபுரிகிறார். மூன்று ஆண்டுகளாக அவரைப் பிரிந்து...’

மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.

என் நான்காவது விண்ணப்பம். மார்ச் இருபத்தைந்து டைப் செய்தது. ஃபைல் சிஸ்டம் காலியாக ஒரு பிளாக் தேடியிருக்கிறது, இயக்குநர் முதல் நாள்தான் காலி செய்த இடம் ஒன்று கிடைத்திருக்கிறது, கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டது. அங்கே இருந்த அவருடைய பக்கம் நிரந்தரமாகப் போய்விட்டது. மற்ற இருநூற்றுப் பதினொன்றும் பத்திரம்.

“இதை எடுத்துட்டு, காலியா விட்டு, குறிப்பு எழுதிடுறேன் சார்.”

பக்கத்தில் நின்றிருந்த துணை இயக்குநர் கூடாதென்று தலையை ஆட்டினார். “மீட்ட ஆவணத்துல கை வைக்கக்கூடாது. சுற்றறிக்கை நாப்பத்திரண்டு. இருநூத்திப் பன்னிரண்டு துண்டுன்னா இருநூத்திப் பன்னிரண்டும் இருக்கணும். குறைஞ்சா பதிவேடே செல்லாது.”

“அதுவும் நான் போட்டதா?” என்று இயக்குநர் கேட்டார்.

“ஆமா சார்.”

என் பெயரும் அதில் இல்லை. அனுப்புநர் பகுதியை அச்செடுத்த பிறகு கையால் எழுதுவதுதான் என் வழக்கம். ஆகவே ஐம்பத்தொன்பது வயது இயக்குநரின் பணிப்பதிவேட்டில், பதவி உயர்வுக்கும் பல் வைத்தியத்துக்கும் நடுவில், கணவரைப் பிரிந்து வாடும் ஒரு பக்கம். விளக்கமாக ஒரு கடிதம் எழுதி இணைத்தேன். எல்லாம் தலைமையகம் போயிருக்கிறது.

ஏப்ரல் 10

தலைமையகப் பதில். முழுவதும் எழுதி வைத்துக்கொள்கிறேன், பிறகு எனக்கே நம்பிக்கை வராது.

‘பதிவேடு முறையாக உள்ளது. ஏற்கப்பட்டது. அதில் காணும் மாறுதல் கோரிக்கை, விண்ணப்பதாரர் இதற்குமுன் மும்முறை விண்ணப்பித்திருப்பதாகக் குறிப்பிட்டிருப்பதால், கருணையுடன் பரிசீலிக்கப்பட்டது. இயக்குநர் அவர்கள் தம் கணவருடன் சேர்ந்து வாழும் பொருட்டு துறைமுகக் கிளைக்கு மாற்றப்படுகிறார். விண்ணப்பத்தில் கண்ட கணவரின் முகவரியில் குடியேறி, பத்து நாட்களுக்குள் சான்று அனுப்பவேண்டும். இணைக்கப்பட்ட விளக்கக் கடிதம் இருநூற்றுப் பன்னிரண்டில் சேராததால் படிக்கப்படவில்லை.’

டைப்பிஸ்ட் அக்கா இரண்டு தடவை படித்தாள். “அடியேய், உன் புருஷனை டைரக்டருக்குக் கொடுத்துட்டாங்கடி!”

இயக்குநர் மறுத்து எழுதுவார் என்று நினைத்தேன். கதவு பச்சை விளக்குக் காட்டி அவரை உள்ளே விட்டது. தன் அறைக்குப் போய் மேஜையைத் துடைத்தார், சாமான்களைப் பெட்டியில் அடுக்கினார். “பதிவேட்டுல இருந்தா அதுதான் உண்மை. முப்பத்தொரு வருஷமா எல்லாருக்கும் அதைத்தானே சொல்லியிருக்கேன். எனக்கு மட்டும் வேற சட்டமா?”

வாசலில் நின்று திரும்பினார்.

“உங்க வீட்டுக்காரர் எப்படி?”

“நல்லவர் சார். குறட்டை விடுவார்.”

“சரி,” என்றார்.

ஏப்ரல் 14, திங்கள்

இவர் ஃபோன். குரலைத் தணித்துப் பேசினார்.

“இங்க பாரு, உன் டைரக்டர் வந்திருக்கார். பெட்டியோட.”

“தெரியும்.”

“ஆர்டரைக் காட்டுறார். நான்தான் கணவர்னு அதுல போட்டிருக்கு. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கணுமாம்.”

“போட்டீங்களா?”

“வயசான மனுஷன், மழையில நனைஞ்சுட்டு நிக்கிறார். போடாம என்ன பண்ணச் சொல்றே?”

ஏப்ரல் 21

வீட்டுத் தராசு ஆறு கிராம் குறைத்துக் காட்டுகிறதாம், சரி செய்துவிட்டார். சமையலறை டப்பாக்களை உயர வாரியாக அடுக்கிவிட்டார். இவர் ஷிஃப்ட் முடிந்து வரும்போது டீ தயாராக இருக்கிறதாம், மணி பிசகாமல். இவர் வேறு உருகுகிறார்: “நல்ல மனுஷன். தனியாவே இருந்து பேச்சே மறந்துபோச்சு அவருக்கு. முந்தாநாள்தான் கொஞ்சம் சிரிச்சார்.”

நான் கேட்ட இடம் அது. நான் போடவேண்டிய டீ. இதுக்கு யாரைத் திட்டுறது? ஃபைல் சிஸ்டத்தையா?

ஏப்ரல் 23

துணை இயக்குநர்தான் இப்போது பொறுப்பு இயக்குநர். ஐந்தாவது விண்ணப்பத்தோடு நேரில் போனேன். கவனமாகப் படித்தார். உண்மையிலேயே உதவ நினைக்கிறார் என்று தெரிந்தது. அதனால்தான் இன்னும் எரிச்சல்.

“உங்க கோரிக்கை ஏற்கெனவே ஏற்கப்பட்டு அமலும் ஆகிடுச்சும்மா. ஒரு கணவருக்கு ரெண்டு பேரை அனுப்ப விதி இல்ல.”

மே 3, சனி

இன்றைக்கு லீவு போட்டுவிட்டு முதல் பஸ் பிடித்து வந்துவிட்டேன். என் வீட்டுக் கதவை என் இயக்குநர் திறந்தார். தோளில் துண்டு, கையில் கரண்டி.

“வாங்கம்மா. உக்காருங்க,” என்றார். என் வீட்டில், என்னை.

மூன்று பேரும் ஆம்லெட் சாப்பிட்டோம். ஒரே அளவில் மூன்று ஆம்லெட், அளந்திருப்பார். இவர் உப்பைத் தள்ளி வைத்தார், நான் எடுத்தேன், இயக்குநர் எடுக்க நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். எனக்குச் சட்டென்று அழுகை வந்துவிட்டது. காரணம் கேட்டால் உப்பு என்றுதான் சொல்லவேண்டும்.

இவர் பதறி எழுந்தார். இயக்குநர் எழவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், “நான் ஏறின பஸ்ஸே தப்பும்மா,” என்றார். “இருபது வருஷம் முன்னாடி ஏறவேண்டிய பஸ். வேற ஊருக்கு.”

சாப்பிட்டு முடித்ததும் ஒரு தாள் கேட்டார். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, படித்துக்கொண்டே எழுதினார்: ‘என் பணிப்பதிவேட்டில் பிழை உள்ளது. நூற்று நாற்பதாவது துண்டு என்னுடையதல்ல. அதை எழுதியவர் இன்னும் காத்திருக்கிறார்.’ பிழை என்ற சொல்லில் பேனா கொஞ்ச நேரம் நின்றது.

“இதை அனுப்பினா உங்க பதிவேடு இருநூத்திப் பதினொண்ணு ஆகிடும் சார். செல்லாது. மறுபடியும் பெஞ்சுதான்.”

“தெரியும்மா. நான் போட்ட சுற்றறிக்கை எனக்குத் தெரியாதா?”

அவரே தபால்பெட்டிவரை நடந்து போய்ப் போட்டுவிட்டு வந்தார்.

மே 5

திரும்பி வந்துவிட்டேன். டிஸ்க்கின் மிச்சப் பகுதியை ஒரு தடவை முழுக்கப் படித்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. யாரையும் கேட்காமல் நகல் எடுத்தேன். இரண்டு.

மே 22

ஆர்டர் வந்தது. என் பெயர், என் கணவர், துறைமுகக் கிளை. ஜூன் இரண்டாம் தேதி சேரவேண்டும். கீழே ஒரு வரி: முன்னாள் இயக்குநரின் பதிவேடு முழுமையற்றது, விசாரணை முடியும்வரை அவர் பார்வையாளராகக் கருதப்படுவார்.

இவருடைய ஃபோனில் இயக்குநரைப் பேசச் சொன்னேன். இரண்டு தெரு தள்ளி அறை பார்த்துவிட்டாராம், ஜன்னலில் கப்பல் தெரிகிறதாம். “இங்க கிளை ஆபீஸ்ல பெஞ்சு நல்ல பெஞ்சும்மா. முதுகுக்குச் சாய்வு இருக்கு. தராசு கொண்டுவர்றவங்க என்கிட்டதான் முதல்ல காட்டுறாங்க, பக்கத்துல வந்து உக்கார்றாங்க. நான் பார்த்துச் சொல்லிடுறேன். முத்திரைக்கு உள்ளே போவாங்க.”

“கஷ்டமா இல்லையா சார்?”

“டோக்கன் எண் மாறிக்கிட்டே இருக்கு தினமும். நேத்து ஏழு. இன்னைக்கு முப்பத்திரண்டு. பழகிடுச்சு.”

ஜூன் 15, ஞாயிறு

மகளுக்கு லீவு. நேற்று வந்தாள். குளியலறைக்குள் போய் முக்கால் மணி நேரம் ஆகிறது. அடுத்தது இவர்; கதவில் சாய்ந்தபடி பல் துலக்கிக்கொண்டிருக்கிறார், நுரை தரையில் சொட்டுகிறது. அதற்கடுத்து நான். மூன்று வருடம் எனக்கென்று தனிக் குளியலறை இருந்தது. நினைத்த நேரத்தில் போவேன், வருவேன். கதவைத் தட்டினேன். “இரும்மா! இப்பதான் வந்தேன்!” என்று கத்தினாள். இவர் நுரையோடு ஏதோ சொல்கிறார், புரியவில்லை. நின்றபடியே சுவரில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கிறது.